புயற்காலமும் அரிக்கேன் விளக்கும்

மின்சாரம் சிற்றூர்களையெல்லாம் எட்டியுள்ள இந்நாளில், அரிக்கேன் விளக்கைப் பற்றிப் பேசுவது பழங்கதையாகத் தோன்றலாம். ஆயினும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தின் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை நாம் மறப்பதற்கில்லை. வானம் மூடிக் கிடக்கும் அந்நாட்களில் சூரிய ஒளி விளக்கும் போதிய வெயிலின்றி மங்கும். அப்போது பரணிலிருந்து இறங்கும் பழைய விளக்கு, முறையறிந்து கையாண்டால் துணையாகும். அறியாது கையாண்டால் கூரைக்கே பகையாகும்.

இவ்விளக்கின் இருபுறக் குழாய்கள் வெறும் சட்டங்களல்ல. சுடருக்கு வேண்டிய காற்று அவற்றின் வழியே இறங்கித் திரியை அடைகின்றது. ஆகவேதான் வெளிக்காற்று வீசினும் சுடர் அணைவதில்லை. குழாயில் தூசியோ பூச்சிக் கூடோ அடைத்தால் விளக்கு புகையும்; எனவே அவற்றை முதலில் சுத்தம் செய்தல் வேண்டும்.

திரியின் கருகிய நுனியை நேராக வெட்டுக. புதுத் திரியாயின், எண்ணெய் விட்டுக் கால் மணி நேரமேனும் ஊறிய பின்னரே ஏற்றுக. தொட்டியை விளிம்புவரை நிரப்பாது சிறிது இடம் விடுக. எரியும் விளக்கிலும், சூடு ஆறாத விளக்கிலும் எண்ணெய் ஊற்றலாகாது. திரியை மிக உயர்த்தினால் ஒளி பெருகாது, கரியே பெருகும். சூடான கண்ணாடியில் நீர் தெறித்தால் வெடித்துவிடும்.

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையென்று பெட்ரோலை ஊற்றுவதும், இரண்டையும் கலப்பதும் பேராபத்து. நம் நாட்டுத் தர விதிப்படி, மண்ணெண்ணெய் 35 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் தீப்பற்றும் ஆவியை வெளிவிடலாகாது. பெட்ரோலோ கடுங்குளிரிலும் அத்தகைய ஆவியை வெளிவிடும். சிறிதளவு கலப்பினும் விளக்கு தீப்பந்தமாகிவிடும்.

கதவும் சன்னலும் அடைத்த அறையில் விளக்கை எரியவிட்டு உறங்குதல் கூடாது. காற்றோட்டமில்லா இடத்தில் சேரும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் புட்டிகளில் வைத்தலாகாது. குழந்தை அறியாது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுட் புகுந்து உயிருக்கே கேடாகும். தாமதியாது 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஐப்பசி பிறக்குமுன்பே தம் ஊரில் புயற்காலத்தில் மக்கள் தங்கும் பள்ளிக்கூடத்திலும் சமுதாயக் கூடத்திலும் உள்ள விளக்குகளை ஏற்றிப் பார்த்து, பழுதானவற்றைச் செப்பனிட்டு, திரியும் கண்ணாடியும் கூடுதலாக வாங்கி வைத்தல் நலம். விளக்கின் அருகே ஒரு வாளி மணலும் இருக்கட்டும். புயலைத் தடுப்பது நம்மால் ஆகாது. புயலுக்குப் பின் ஒரு குடிசையும் விளக்கினால் எரியாமல் காப்பது நம்மால் ஆகும்.