அச்சாரமும் அக்ரிமெண்ட்டும்

எம்.ரெட்டியபட்டி பக்கத்துக் கரிசலில் ஒரு காலத்தில் நிலம் கைமாறப் பேச்சே போதும். நாலு பெரியவர்கள் முன்னால் அச்சாரம் கொடுத்தால் காரியம் முடிந்தது. அதற்காக அன்று எல்லாரும் சொல் தவறாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். மானாவாரிக் காட்டுக்கு விலை ஏறவில்லை. பேச்சு மாறி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவ்வளவுதான்.

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாக வந்தது. பக்கத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கரிசலைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். இன்று அச்சாரத்தின் இடத்தில் கிரைய அக்ரிமெண்ட் இருக்கிறது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

எழுதிக் கொடுத்தவர் பின்வாங்கினால், நஷ்ட ஈட்டோடு நிற்காமல், 'பேசியபடி கிரையம் முடித்துக் கொடு' என்றே கோர்ட் உத்தரவிடலாம். சட்டத் தமிழில் இதற்கு 'ஏற்றதை ஆற்றுதல்' என்று பெயர். அதற்குப் பிறகும் அவர் கையெழுத்துப் போட மறுத்தால், அவருக்காகக் கோர்ட்டே பத்திரத்தை முடித்துத் தரும்.

இதற்கான 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி இது முன்பு நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. அக்ரிமெண்ட் செல்லும் என்றாலும், நிலத்தைக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை என்று பட்டால் அவர் மறுக்க முடிந்தது. மதுரையில் ஒரு வீட்டை 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 மட்டும் கொடுத்த ஒருவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு, விலை ஏறிய பிறகு வழக்குப் போட்டார். 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைத் தர மறுத்துவிட்டது.

சட்டத்தைத் திருத்திவிட்டதால், 2018 அக்டோபர் 1 முதல் அந்த விருப்புரிமை இல்லை. சட்டமே சொல்லும் சில விலக்குகள் தவிர, நிறைவேற்றச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்குபவர் மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மீதிப் பணத்தோடு தாம் தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டும். நேர்மையாகப் பணம் கட்டி ஏமாந்தவருக்கு இது நல்ல சட்டம்தான்.

எனக்குப் பயம் இன்னொருவரை நினைத்து. மகள் கல்யாணத்துக்கோ போர்வெல் போடவோ கடன் கேட்டுப் போகிற சம்சாரியிடம், ஈடாகக் கிரைய அக்ரிமெண்ட் எழுதி வாங்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கடன் தொகை காகிதத்தில் 'அட்வான்ஸ்' ஆகிவிடும். வட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. அது கடன்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்க வழி இருக்கிறது. ஆனால் பதிவான பத்திரத்துக்கு எதிராக, பணக்காரர் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்ல யார் வருவார்? 2018க்கு முன்பானால், அட்வான்ஸ் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, சம்சாரி தெருவுக்கு வந்துவிடுவாரே என்று யோசிக்க நீதிபதிக்கு இடம் இருந்தது. இன்று அது பெருமளவு போய்விட்டது.

கடன் வாங்கினால் புரோநோட்டு எழுதுங்கள். அடமானப் பத்திரம் எழுதுங்கள். விற்கிற எண்ணமே இல்லாத நிலத்துக்குக் கிரைய அக்ரிமெண்ட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.