ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிப் பரீட்சைகளும் காவிரிக்கரை விவசாயிகளும்

ஒரு நெல் வகை கோயமுத்தூர்ப் பண்ணையில் நன்றாய் விளைந்தது என்பதனால் மாத்திரம் அதனைக் காவிரிப் பாசன நிலங்களில் விதைக்கும்படி எவரும் சிபாரிசு செய்வதில்லை. அந்தந்த மண்ணிலும் நீரிலும் பரீட்சித்த பிறகே விதை வழங்கப்படும். 1922-ம் ஆண்டில் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதும் இதன்பொருட்டே. கைப்பேசி அலைகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.

நமது தேசத்தில் ஐந்தாம் தலைமுறைத் தொடர்புக்கான பரீட்சைக்களத்திற்கு மத்திய சர்க்கார் 2018-ம் ஆண்டில் சுமார் ரூ.224 கோடி அனுமதித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தலைமையேற்க, எட்டு ஸ்தாபனங்கள் கூடி அமைத்த இக்களம் 17-5-2022-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2021-ம் ஆண்டு மே மாதத்தில் கம்பெனிகளுக்குப் பரீட்சை அனுமதி அளிக்கப்பட்டபோது, நகரங்களோடு கிராமப்புறங்களிலும் சோதனை நடத்த வேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 100 ஆய்வுக்கூடங்களுக்குரிய பணிகளில் நுண்ணிய வேளாண்மையும் ஒன்றாகும். கிராமங்களுக்கேற்ற தொடர்புச் சாதனங்களின் ஆராய்ச்சிக்கென 2022 அக்டோபரில் ஒரு தனி நிதித் திட்டமும் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் சர்க்கார் பொருளுதவியுடன் 2018, 2019-ம் ஆண்டுகளில் நடந்த கிராமப்புறப் பரீட்சையில், சாமர்செட் பிரதேசத்துப் பால்பண்ணை ஒன்றில் பசுக்களின் கழுத்தில் கருவிப் பட்டைகள் பூட்டப்பட்டன. அவை தந்த செய்திகளைக் கொண்டு கால்நடைகளின் தீனியும் ஆரோக்கியமும் கவனிக்கப்பட்டன.

இனி நம் பக்கத்தைக் கவனிப்போம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள ஸ்ரீரங்கம் தீவில் வாழையும் தென்னையும் அடர்ந்துள்ளன. அலையின் அதிர்வெண் உயர உயர அது செல்லும் தூரம் குறையும். நீர் நிறைந்த இலைகளும் அதனைத் தடுக்கும். ஆகையால் திறந்த மைதானத்தில் கிடைத்த பலனைக் கொண்டு வாழைத் தோட்டத்தின் பலனை நிர்ணயிக்க இயலாது. மேலும், 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறப்பதற்கில்லை. மதகு, கரை, நீர்மட்டம் ஆகியவற்றை இரவும் பகலும் கண்காணிக்கும் கருவிகளைப் பரீட்சிக்க இதைவிடத் தகுந்த இடம் அரிது.

ஆயினும் புதியது என்பதற்காக எதனையும் ஏற்றல் தகாது. இரவில் வரப்பின் மேல் நடவாமல் மோட்டாரை இயக்கவும், மண்ணின் ஈரத்தை அறியவும் பழைய கைப்பேசித் தொடர்பே போதும். நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே இடத்தில் பேசுவதற்கும், ட்ரோன் எடுக்கும் படங்களை உடனுக்குடன் அனுப்பி நோய் கண்ட வாழையைப் பிரித்தறிவதற்குமே புதிய தொடர்பு உதவக்கூடும்.

விவசாயிகள் செய்யத்தக்கவை:

1. ஊரின் குறையைத் திட்டமாக எழுதுக. எந்த சர்வே எண்ணில் அலை எட்டவில்லை, எந்தப் பருவத்தில் எந்நோய் வருகிறது என்ற குறிப்பு அவசியம்.

2. அக்குறிப்புடன் துவாக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகம், போதாவூர் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி ஆகியவற்றை அணுகுக. ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பினும் பரீட்சிக்க வயல் வேண்டுமன்றோ?

3. நிலத்தை அளிக்குமுன் பயிர்ச்சேதத்துக்கு யார் பொறுப்பு, கிடைக்கும் விவரங்கள் யாருக்குச் சொந்தம், பரீட்சை முடிந்தபின் கருவிகளை யார் அகற்றுவது என்பவற்றை எழுத்தில் பெறுக.

கிராம அதிகாரிகள், கோபுரமும் கம்பியும் அமைப்பதற்கு 1-1-2025 முதல் அமலிலுள்ள வழியுரிமை விதிகளை அறிந்திருத்தல் நலம். விமான நிலையம் அருகிலிருப்பதால், ட்ரோன் பறக்கவிடுமுன் 2021-ம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டுமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கேளாத ஊருக்குப் பரீட்சை வருவதில்லை. நம் வயலில் சோதிக்கப்படாத கருவி பின்னர் விலைக்கு வரும்போது, அதன் குறைகளை நம் சொந்தச் செலவிலேயே அறிய நேரிடும்.