இன்ஜின் வேணுமா... இன்ஜின்!

எங்க வீட்டு மாருதி 800 என்னைவிட எட்டு வயசு பெரியது. 1997 மாடல். பிறந்த என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததே அதுதான். போன மாசம் அவினாசி ரோட்டில் ஹீட் முள் மேலே ஏறினதைக் கவனிக்காமல் விரட்டி, அதன் இன்ஜினைக் காலி பண்ணியது சாட்சாத் நானேதான்!

"ஏற்கெனவே ரெண்டு தடவை போர் அடிச்ச பிளாக்குங்க. இனி தாங்காது" என்று மெக்கானிக் அண்ணா கையை விரிக்க, "இரும்பு விலைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். ஆர்.சி.யோ 2027 வரைக்கும் செல்லும். ஸோ, ஆபரேஷன் இன்ஜின் ஆரம்பம். இடம், உக்கடம் பக்கம் பழைய ஸ்பேர்ஸ் கடைகள்.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார். ஊரெல்லாம் ஓடினதாச்சே, இன்ஜினுக்கா பஞ்சம்னு நினைச்சேன். பளிச்னு ஒரு ஆம்னி இன்ஜின் கண்ணில் பட்டது. அதே 796 சி.சி., அதே மூணு சிலிண்டர். "இதையே எடுத்துக்கலாம்ணா!" என்றதும் அண்ணா சிரித்துவிட்டார். "என்னங் தம்பி இன்ஜினீயரிங் படிக்கறீங்க? ஆம்னி பின்சக்கர வண்டிங்க. அதுல இன்ஜின் நீளவாட்டுல இருக்கும், 800-ல குறுக்கால இருக்கும்."

அப்புறம்தான் உறைச்சது. 800-ல் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்குது. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணும் ஒரே மூட்டை. அதிலிருந்து ரெண்டு டிரைவ் ஷாஃப்ட் நேரா முன்சக்கரத்துக்குப் போகுது. பிளாக் ஒத்துப்போனாலும் மவுன்ட்டிங்கும் சுத்தியிருக்கிற சாமானும் ஒத்துக்காது. (இதே இன்ஜினை டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தவர் நம்ம ஊர் கரிவரதன். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான்!)

அடுத்து கிடைச்சது எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். நம்மளுது கார்புரேட்டர். கம்ப்யூட்டர், சென்சார், வயரிங்னு பாதி காரையே மாத்தணும். நோ!

மூணாவது கடையில் கச்சிதமான கார்புரேட்டர் இன்ஜின், விலையும் கம்மி. டார்ச் அடிச்சா, நம்பர் இருக்கவேண்டிய இடம் அரம் போட்டு வழவழனு இருக்கு. திருட்டு வண்டியா இருந்தா? அண்ணா பேசாமல் என் கையைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டு வந்துட்டார்.

ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கே பாஸ்! 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, இன்ஜின் மாத்த ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். பில்லும், பிரிச்ச வண்டியோட பேப்பரும் இல்லாம அங்கே போய் என்ன பேசறது?

கடைசியா, பின்பக்கம் அடிபட்ட ஒரு 800-ன் இன்ஜின் அகப்பட்டது. பேப்பரெல்லாம் பக்கா. பேட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுத்தவிட்டு, மூணு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தோம். மூணும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி வெள்ளை இல்லை. அப்படி இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம்.

இப்போ அது எங்க வீட்டுத் திண்ணையோரம் சாக்கு போர்த்திக்கிட்டு ஆர்.டி.ஓ. அனுமதிக்காகக் காத்திருக்கு. அப்பா தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய், இன்ஜின் இல்லாத காரில் உட்கார்ந்து ஒரு தடவை ஹார்ன் அடிச்சுட்டு வர்றார்.