வீட்டுக்கு வைத்த நெல்

காலபோக அறுவடை முடியும் நாட்களில் ஏ-9 வீதியால் ஓமந்தையைக் கடந்து புளியங்குளத்தை நோக்கிச் செல்பவர்கள், தார் வீதியின் ஓரமெங்கும் பாய் விரித்தாற்போல நெல் காய்வதைக் காணலாம். பார்ப்பதற்கு ரம்மியமான அக்காட்சியில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் வருஷக் கணக்கே அடங்கியிருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 சதவீதத்தை மீறாத நெல்லையே உத்தரவாத விலை கொடுத்து முழுமையாக ஏற்கும். காயவைக்கக் களமும் சேர்த்துவைக்க இடமும் இல்லாதவரோ, உழவுக்கும் பசளைக்கும் பட்ட கடன் நெருக்க, இயந்திரம் வெட்டிக் கொட்டிய ஈரநெல்லை வயற்கரையிலேயே லொறிக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். வரம்புக்கு இப்பாலும் அப்பாலும் விளைவு ஒன்றாயிருந்தும், ஜீவனம் இரண்டாகிறது.

விவசாயப் பொருளாதாரம் என்னும் சாஸ்திரம் ஆராய்வது இந்த வேற்றுமையைத்தான். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில், லக்ஷக்கணக்கானோர் மாண்டதற்குத் தானியக் குறைவைவிட, அதை வாங்கும் சக்தியைக் கூலியாட்களும் மீனவரும் இழந்ததே பிரதான காரணம் என்று வாதிட்டார். ஊரில் நெல் இருப்பது வேறு; அடுப்பில் உலை கொதிப்பது வேறு.

இந்த ஞானத்தைக் கலந்தாலோசியாமல் பிறக்கும் கட்டளை எத்தகைய அனர்த்தத்தை விளைக்கும் என்பதை 2021இல் இலங்கை கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளையை நான் குறைவாக மதிக்கவில்லை; மண்ணுக்கு அது அவசியம். ஆயினும் 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு நைதரசனே கொண்ட கூட்டெருவால் அதை ஈடுசெய்ய ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். மாடு குறைந்து உழவு இயந்திரம் மலிந்துவிட்ட ஊர்களில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? அவ்வாண்டு வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் கமக்காரரிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் வரையில் சேதன விவசாயத்தை ஆதரித்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். வன்னி ஜனங்களுக்கோ இது புதிதல்ல: யுத்த காலத்தின் பொருளாதாரத் தடையில் பசளையும் அடங்கியிருந்தது, அது இன்றிப் பயிர் எவ்வாறு வெளிறும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

கார்த்திகையில் தடை தளர்ந்தபோது பல வயல்களில் விதைப்பு முடிந்திருந்தது. உலகச் சந்தையில் பசளை விலையும் ஏறியிருந்தது. முந்திய காலபோகத்தில் நாடு முழுவதும் சுமார் 30 லக்ஷம் தொன்னாயிருந்த நெல் விளைச்சல், 2021/22 காலபோகத்தில் 20 லக்ஷம் தொன்னுக்கும் கீழே விழுந்தது. அந்நியச் செலாவணியும் வற்றிய 2022இல், உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக உணவுத் திட்டமும் நடத்திய மதிப்பீட்டின்படி 63 லக்ஷம் பேர், அதாவது ஏறத்தாழப் பத்தில் மூவர், போதிய உணவுக்கு உத்தரவாதமின்றி இருந்தார்கள். நெல்லை விளைவித்தவரே அரிசிக் கடையில் நின்ற பரிதாபம் அந்த எண்ணுக்குள் எங்கோ இருக்கிறது.

ஏக்கருக்கு எத்தனை மூடை என்ற வினாவோடு ஆராய்ச்சியாளர் திரும்பிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு எத்தனை மூடை வைத்தீர்கள், அது எந்த மாதம் மட்டும் காணும் என்று கேட்க வேண்டும். குளத்தில் நீர் நின்றால் சிறுபோகம் ஒன்று கைகொடுக்கும். நில்லாத வருஷத்தில், மாரிமழை பொழியும் மார்கழியில், வயலில் கதிர் இன்னும் பச்சையாயிருக்க, வீட்டு மூடையின் அடி தெரியத் தொடங்கும்.