மருந்துக்கு வழி உண்டு, ஆளுக்கு?

1971 போரில் இருபது வயதில் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு முன்பின் வயதாகிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ. ராத்திரி எழுந்தால் கைத்தாங்கலாக அழைத்துப் போவது, முழங்கால் வலியோடு நடமாடும் மனைவிதான். அவருக்கும் எழுபது கடந்திருக்கும்.

அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் ஓய்வூதியருக்கும் மனைவிக்கும் பாலிகிளினிக்கில் மருந்து கிடைக்கிறது. அங்கே எழுதிக் கொடுத்தால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் பெரிய அறுவை சிகிச்சையே நடக்கிறது. ஆனால் திட்டம் மருத்துவமனையைச் சுற்றியே கட்டப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரை வீட்டில் புரட்டிப் படுக்கவைப்பது குடும்பத்தின் பாடு.

துணைக்கு ஆள் வைக்கவென்றே ஒரு படி இருக்கிறது: கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். பணியால் நூறு சதவீத ஊனமுற்று, மருத்துவக் குழுவும் பரிந்துரைத்தவர்களுக்கே அது. மூப்பால் படுக்கையில் விழுந்தவர் கேட்க முடியாது. அவருக்கு இருப்பது வயதுக்கேற்ற கூடுதல் ஓய்வூதியம். எண்பதில் 20 சதவீதம், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40. அடிப்படை ஓய்வூதியம் 20,000 என்றால் எண்பதில் கூடுவது 4,000, அதன் மேல் அகவிலைப்படி. நகரத்தில் முழுநேர அட்டெண்டர் வைத்தால் அந்தத் தொகை ஒரு வாரம் தாங்கினால் பெரிது. உயிர் தப்பவைக்கச் செலவழிக்கும் நாடு, தப்பியவரைக் குளிப்பாட்டச் செலவழிக்கத் தயங்குவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

ஓய்வூதியமே இல்லாமல் வந்தவர்கள் உண்டு. 65 வயதைக் கடந்த, ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்த அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிவாரண உதவி இருக்கிறது; 4,000 ரூபாயாக இருந்த மாதத் தொகை 2025 நவம்பரில் 8,000 ஆனது. விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போகும். 'சைனிக் போர்டு' என்று கேட்டால் ஊரில் யாரும் வழிகாட்டுவார்கள்.

இலவசமாக வீட்டுக்கே வரும் கைகளைப் பல பட்டாளத்து வீடுகள் நினைத்துப் பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு நிற்பதில்லை. இயன்முறை சிகிச்சை, நோய்த் தணிப்புச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. 'நமக்குத்தான் ஈ.சி.எச்.எஸ். இருக்கிறதே' என்ற எண்ணம் வாசலிலேயே தடுத்துவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: வேண்டியது நர்ஸா, அட்டெண்டரா? ஊசி, டியூப் இல்லாதவருக்கு நர்ஸ் கூலி கொடுப்பது வீண். ஆறடி மனிதரைத் தூக்க ஆண் அட்டெண்டர்தான் தோது. ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் வருமா, முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடையாள அட்டை நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு காகித வேலையும் உண்டு, மனைவிக்காக. ரெக்கார்ட் ஆபீஸ் ஏட்டில் அவர் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருப்பது சகஜம். பிறந்த தேதியே ஏறாத வீடுகளும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் அதில்தான் சிக்கும். எண்பதில் சேர வேண்டிய 20 சதவீதமும் தேதி இல்லாமல் நின்றுபோகும். திருத்த மனுவைக் கணவரே கையெழுத்திட்டு அனுப்புவது சுலபம். அவருக்குப் பிறகு, அதே மனுவோடு அலைய வேண்டியவர் அந்த அம்மாதான்.