இலவச உலாவிக்குக் காசு கொடுப்பவர் யார்?

மீன் ஆணத்துக்கு அளவு பார்ப்பதானாலும், பிள்ளையின் காய்ச்சலுக்கு விளக்கம் தேடுவதானாலும், சாதாரண தரப் பழைய வினாத்தாள் எடுப்பதானாலும் இன்று நம் வீட்டுப் பெண்களின் கை முதலில் நாடுவது கைத்தொலைபேசியைத்தான். இணையத்துக்குள் நம்மை அழைத்துச் செல்லும் வாசலுக்கு உலாவி, அதாவது பிரவுசர், என்று பெயர். டேட்டாவுக்கு ரீலோட் போடுகிறோம்; உலாவிக்கோ ஒரு சதமும் கொடுப்பதில்லை. அப்படியானால் அதைச் செய்கிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, சகோதரிகளே?

யாழ்ப்பாணத்துக் கடைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சில கடைகளின் பெயர்ப் பலகையைக் குளிர்பானக் கம்பனியோ தொலைபேசிக் கம்பனியோ தன் செலவிலேயே செய்து கொடுத்திருக்கும். கடைக்காரர் பெயர் சிறிதாக, கம்பனியின் பெயர் பெரிதாக! உலாவிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். நாம் எழுதும் கேள்வி எந்தத் தேடுபொறிக்குப் போகவேண்டும் என்பது உலாவியில் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைப் பிடிப்பதற்காகத் தேடுபொறிக் கம்பனி தன் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அடுத்த வீட்டாரிடம்கூடச் சொல்லாத நோயைப் பற்றி நடுநிசியில் நாம் கேட்கும் கேள்வியும் இந்த வியாபாரத்துக்குள் அடக்கம்தான்.

2021இல் இத்தகைய ஒப்பந்தங்களுக்காக கூகுள் கொடுத்தது 2,630 கோடி அமெரிக்க டொலர். அடுத்த ஆண்டு அப்பிள் கம்பனிக்கு மட்டும் 2,000 கோடி. அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்குகள் இவை.

பெரிய கம்பனிகளை விடுங்கள். 2004இல் வெளியான பயர்பொக்ஸ் உலாவியின் நிலைதான் விசித்திரமானது. மொஸில்லா என்னும் இலாப நோக்கற்ற அமைப்புக்குச் சொந்தமான அது, தமிழிலும் கிடைக்கிறது. கூகுளின் குரோம் உலாவிக்குப் போட்டியும் அதுவே. ஆனால் பயர்பொக்ஸ் ஈட்டும் நூறு டொலரில் ஏறத்தாழ 85 டொலர் கூகுளிடமிருந்து வருவதாக மொஸில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் சாட்சியம் சொன்னார். எதிர்க்கடைக்காரர் தரும் அரிசியில் உலை வைக்கும் வீடு! 2014இல் யாஹூவோடு கைகோத்துப் பார்த்தார்கள்; 2017இல் கூகுளிடமே திரும்பிவிட்டார்கள்.

தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தவர் குஜராத்தில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா. (கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர், குரோம் உலாவியை முன்னின்று உருவாக்கியவரும் அவரே.) இந்தக் கொடுப்பனவையே தடை செய்தால் என்ன என்ற கேள்வி எழுந்தபோது, தடுத்தால் முதலில் மூடப்படுவது எங்கள் கடையாகவும் இருக்கலாம் என்று மொஸில்லா முறையிட்டது. 2025 செப்டெம்பரில் நீதிபதி, என்னைத் தவிர வேறொருவரை வைக்காதே என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைத் தடுத்தார்; பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை.

வேறு வழியே இல்லையா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023இல் ஓர் உலாவியை வெளியிட்டது. பெயர் ‘உலா’, நல்ல தமிழ்ச் சொல். ஸோஹோவுக்கு வருமானம் அலுவலகங்களுக்கு விற்கும் மென்பொருள்களிலிருந்து வருகிறது. பயன்படுத்துவோரின் விபரங்களை விற்பதில்லை என்கிறார்கள். இந்திய அரசு நடத்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அதற்கு முதற் பரிசாக 1 கோடி இந்திய ரூபாய் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் உலாவின் உள்ளே இயங்குவது, கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். கடை நம்முடையது, அத்திவாரம் அவர்களுடையது.

உங்கள் தொலைபேசியில் முதலிடம் யாருக்கு என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. உலாவியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், தேடுபொறி என்ற இடத்தைத் திறவுங்கள். வேறு பெயர்களும் அங்கே வரிசையாக இருக்கும். விரும்பியதைத் தெரிவு செய்யலாம், பிடிக்காவிட்டால் பழையதற்கே மாற்றிக்கொள்ளலாம்.