குறியீடு 21

வேலைக் கணக்கு – 9

போன வாரம் வருங்கால வைப்புநிதிக் கணக்கைப் பார்த்தோம். புதிய சந்தாதாரர் எல்லாம் புதிய வேலை அல்ல. கம்பெனியில் இருபதாவது ஆள் சேர்ந்ததும், முன்பிருந்த பத்தொன்பது பேரும் சேர்ந்தே கணக்கில் ஏறிவிடுகிறார்கள். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் சம்பளத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பக்கத்தை நாளைக் காலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஆனால் சம்பளத்துக்குப் போகவிடாமல் ஒரு எண் நான்கு நாளாக என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த எண் 21.

நம் நாட்டில் வேலை நிலவரத்தை அளப்பது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. பி.எல்.எஃப்.எஸ். என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். 2017 ஏப்ரலில் தொடங்கியது. கணக்கெடுப்பாளர் கையில் டேப்லெட்டோடு வீட்டுக்கு வருவார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு இரண்டு இலக்கக் குறியீட்டைப் பதிவார். தானே சொந்தமாகத் தொழில் செய்பவர் 11. ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர் 12. நிரந்தரச் சம்பளக்காரர் 31. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் 51. படிக்கிறவர் 91. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. இவற்றுக்கு நடுவில் இருக்கிறது 21: குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் கைகொடுப்பவர்.

சம்பளமில்லை என்பதால் அவர் கணக்கிலிருந்து விலக்கப்படுவதில்லை. 31 போலவே 21-ம் 'வேலையில் இருப்பவர்'தான்.

போன மாதம் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் இளைய மகன் எட்டு வருடம் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லராக இருந்தவன். 2020-ல் ஊரடங்கின்போது பனியன் கம்பெனியை மூடியதும் ஊருக்கு வந்துவிட்டான். அடுத்த வருடம் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறான். பழைய கம்பெனியில் ஆள் குறைத்திருந்தார்கள். வேறு இடத்தில் கிடைத்த கூலி அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது. மறுபடி ஊருக்கே வந்துவிட்டான்.

நான் போய் இறங்கியபோது மாடு கறந்து முடித்து, பாலை கேனில் ஊற்றிக்கொண்டிருந்தான். சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது. பேச்சு வாக்கில், "இப்ப என்னப்பா பண்ற?" என்று கேட்டேன்.

"சும்மாதாண்ணே இருக்கேன்" என்றான்.

அதைச் சொல்லும்போது கேனை சைக்கிளில் மாட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். விடியும் முன்பே எழுந்து சாணி அள்ளுகிறான், தீவனம் வைக்கிறான், இரண்டு மாட்டையும் கறக்கிறான், பகலில் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறான், சாயங்காலம் இன்னொரு கறவை. ஆனாலும் அவன் வாயில் வருவது 'சும்மா இருக்கேன்' என்பதுதான். பால் அட்டை பெரியப்பா பெயரில் இருக்கிறது, பணமும் அவர் கணக்குக்குத்தான் போகிறது. பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றாலும் அப்பாவிடம் கேட்க வேண்டும். கணக்கெடுப்பாளர் அந்த வீட்டுக்கு வந்தால் பெரியப்பாவுக்கு 11, தம்பிக்கு 21. இரண்டு பேருமே வேலையில் இருப்பவர்கள். வேலையில்லாதவர் அந்த வீட்டில் யாருமில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு வந்து பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். நான்கு நாளாக என்னை உட்கார்த்தி வைத்திருக்கும் கணக்கு அங்கேதான் இருந்தது.

2017-18-ல் வேலையில் இருந்த 100 பேரில் 52.2 பேர் சுயதொழில் செய்பவர்கள். 2023-24-ல் அது 58.4. ஆறு ஆண்டுகளில் 6.2 கூடியிருக்கிறது. நாடு தொழில்முனைவோரால் நிரம்புகிறது என்று இந்த எண்ணைக் காட்டி மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். ஆனால் 'சுயதொழில்' என்ற அந்தப் பைக்குள் இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன. ஒன்று, சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள்: 11, 12. அவர்கள் 38.6-லிருந்து 39.0 ஆனார்கள். கூடியது அரைப் புள்ளிகூட இல்லை. இன்னொரு பொட்டலம் 21. அது 13.6-லிருந்து 19.4-க்கு ஏறியிருக்கிறது. பெருக்கம் ஏறக்குறைய முழுவதும் தம்பியைப் போன்றவர்களால் வந்தது. அதே காலத்தில் நிரந்தரச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-லிருந்து 21.7-க்கு இறங்கியது.

வேலையில் இருப்பதாக நாம் எண்ணும் ஐந்து பேரில் ஏறத்தாழ ஒருவருக்குச் சம்பளம் என்பதே இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெண்கள் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. வேலை செய்யும் அல்லது தேடும் பெண்களின் விகிதம் 2017-18-ல் 23.3. 2023-24-ல் 41.7. கண்ணை விரிக்க வைக்கும் ஏற்றம். ஆனால் வேலையில் உள்ள பெண்களில் சம்பளக்காரர்களின் பங்கு 21.0-லிருந்து 15.9 ஆனது; குறியீடு 21-ல் வருகிறவர்கள் 31.7-லிருந்து 36.7 ஆனார்கள். பெண்கள் முன்பும் இப்படித்தான் உழைத்தார்கள், இப்போது கணக்கெடுப்பாளர்கள் துருவிக் கேட்பதால் கணக்கில் வருகிறார்கள் என்று சொல்லும் பொருளியலாளர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் நிற்கும் பெண்ணை 'வீட்டில் சும்மா இருப்பவள்' என்று எழுதிய காலம் போனது நல்லதே. ஆனால் அந்த வாதம் சரியென்றால், கூடியது வேலை அல்ல, எண்ணிக்கை மட்டும்தான் என்றாகிறது. அதைப் பொருளாதார மீட்சிக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

தம்பியின் மனைவி பி.எஸ்சி. படித்தவள். குரூப் 4 தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். செஞ்சியில் ஒரு கடையில் கணக்கெழுத ஆள் கேட்டார்கள் என்று அங்கும் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மாட்டைக் கவனிக்கிறாள். வாரத்துக்கு ஏழு மணி நேரம். அவள் வேலையில் இருப்பவளா, வேலை தேடுபவளா?

நம் கணக்கில் அவளும் 21. இந்தக் கணக்கெடுப்பின் மாத அறிக்கை பின்பற்றுவது 'நடப்பு வார நிலை'. கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில், ஏதாவது ஒரு நாளில், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அந்த வாரம் முழுவதும் வேலையில் இருந்தவர் என்றே எண்ணப்படுவார். மற்ற நாட்களில் எவ்வளவு அலைந்து வேலை தேடியிருந்தாலும், வேலை செய்த அந்த ஒரு மணி நேரத்துக்கே முதலிடம்.

இந்த ஒரு மணி நேர விதி நம் அதிகாரிகள் கண்டுபிடித்தது அல்ல. 1982-ல் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாட்டின் தீர்மானத்தை ஒட்டி உலகம் முழுக்க வழங்கும் விதி. அதற்குக் காரணமும் உண்டு. நாட்டின் உற்பத்தியில் ஒரு மணி நேர உழைப்புக்கும் பங்கு இருக்கிறது. உற்பத்தியைக் கணக்கில் சேர்த்துவிட்டு உழைத்தவரை விட்டுவிடக் கூடாது.

ஆனால் அமெரிக்காவில் இதில் ஒரு சின்ன வேறுபாடு வைத்திருக்கிறார்கள். கூலிக்கு வேலை செய்பவருக்கு அங்கும் ஒரு மணி நேரம் போதும். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர் என்றால், வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் செய்திருக்க வேண்டும். ஏழு மணி நேரம் மாடு பார்க்கும் இந்தப் பெண் அங்கே வேலையில் இருப்பவள் அல்ல. கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருப்பதால் அவள் வேலையில்லாதவள். அதே பெண், அதே மாடு, அதே வாரம். விதியை மாற்றினால் ஒரு நாட்டின் வேலையின்மை விகிதத்தில் அவள் ஏறுகிறாள், இன்னொரு நாட்டில் மறைந்துபோகிறாள். இரு நாட்டு விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'நம்முடையது குறைவு' என்று சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவின் பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2010 மே மாதம் அங்கே 4,31,000 வேலைகள் கூடியதாக அறிக்கை வந்தது. 2008 நெருக்கடியில் அடிபட்ட தேசம் எழுந்துவிட்டதா என்று எல்லோரும் காத்திருந்த நேரம். உள்ளே பார்த்தால், அவற்றில் 4,11,000 பேர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட ஆட்கள். தனியார் துறையில் கூடியது 41,000. தலை எண்ணப் போனவர்களின் தலைகளே வேலை வளர்ச்சியாக எண்ணப்பட்டன. கணக்கெடுப்பு முடிந்ததும் அந்த வேலைகளும் முடிந்தன. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை; பிரிவுவாரியாக எல்லாம் அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். தலைப்பு எண்ணோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் ஏமாந்தார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 'மீட்சி' என்ற சொல்லை நான் இந்தத் தொடர் முழுக்கத் துரத்துவதற்குக் காரணமான அட்டவணை இது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஆண்டின் பெரும்பகுதியைக் கணக்கில் கொள்ளும் வழக்கமான நிலைப்படி, வேலையின்மை 2018-19-ல் 5.8 சதவீதம். 2019-20-ல் 4.8. 2020-21-ல் 4.2. ஊரடங்கில் தேசமே முடங்கிய வருடங்களில் வேலையின்மை குறைந்திருக்கிறது! 2020-21 நிதியாண்டில் நாட்டின் உற்பத்தி 5.8 சதவீதம் சுருங்கியதை நினைவில் வையுங்கள்.

நகரங்களை மட்டும் வார நிலைப்படி அளந்த காலாண்டுக் கணக்கு அதிர்ச்சியைச் சரியாகவே பிடித்தது. 2020 ஏப்ரல்–ஜூனில் நகர்ப்புற வேலையின்மை 20.9 சதவீதம். பிறகு அந்த மக்கள் எங்கே போனார்கள்? விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கைப் பாருங்கள். 2018-19-ல் 42.5 சதவீதமாக இருந்தது, 2020-21-ல் 46.5 ஆனது. பல பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக வயலை விட்டு வெளியேறி வந்தவர்கள் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தார்கள். நிலம் கூடவில்லை, மாடும் கூடவில்லை. இருந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். என் தம்பி அந்த 46.5-க்குள் இருக்கிறான். 2023-24-லும் அந்தப் பங்கு 46.1. வயலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் எனக்குத் தெரியாது.

வேலையில்லாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கும் வசதி வேண்டும். அப்பா சோறு போடும் வீட்டில், நல்ல வேலைக்காகக் காத்திருக்கும் பட்டதாரியால் 'வேலையில்லாதவர்' என்று பதிவாக முடியும். வேலையிழந்தோர் உதவித்தொகை என்று எதையும் நம்ப முடியாத கூலிக்காரர் மறுநாளே கிடைத்ததைச் செய்தாக வேண்டும். அதனால்தான் வறுமை அதிகமுள்ள இடத்தில் இந்த விகிதம் குறைவாக இருக்க முடிகிறது.

இதை நம் முன்னோர்கள் அறியாமல் இல்லை. 1968-ல் திட்டக்குழு, பொருளியலாளர் எம்.எல். தாந்த்வாலா தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 1970-ல் அது தந்த அறிக்கையின் சாரம், இந்தியாவின் வேலையின்மையை ஒற்றை எண்ணால் சொல்லாதீர்கள் என்பது. சம்பளக்காரரும் குத்தகை விவசாயியும் அன்றாடக் கூலியும் கலந்த தேசத்தில் எல்லோரையும் ஒரு தராசில் நிறுத்த முடியாது என்றார்கள். அதன் விளைவாகத்தான் ஆண்டு நிலை, வார நிலை, நாள் நிலை என்று மூன்று அளவைகள் பிறந்தன. 1972-73 கணக்கெடுப்பு அப்படித்தான் நடந்தது.

2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வேலையின்மை விகிதம் வெளிவருகிறது. ஏறத்தாழ 89,000 வீடுகளில் 3,80,000 பேரைக் கேட்டு எடுத்த முதல் மாதக் கணக்கு 5.1 சதவீதம். மே, ஜூனில் 5.6. ஜூலையில் 5.2, ஆகஸ்டில் 5.1. நவம்பரில் 4.7. மாதாமாதம் கணக்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். அதற்காக எத்தனையோ பேர் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் மே மாதம் ஏறியதில் ரபி அறுவடை முடிந்ததற்கும் பங்கு உண்டு. பருவத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்க்கச் சில ஆண்டுகளின் தொடர் கணக்கு கையில் வேண்டும். அதுவரை அரைப் புள்ளி இறங்கியதை வைத்து மீட்சி என்றோ, ஏறியதை வைத்து வீழ்ச்சி என்றோ சொல்லாமல் இருப்போம். மாத விகிதம் வந்தால் படியுங்கள். ஆனால் தீர்ப்பை, யார் எந்தக் குறியீட்டில் இருக்கிறார்கள் என்ற அட்டவணை வரும் நாளுக்கு ஒத்திவையுங்கள். 21 குறைந்து 31 கூடுகிறதா? அன்றைக்கு நானே 'மீட்சி' என்று எழுதுகிறேன்.

பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்று மாலை, இந்த ஒரு மணி நேர விதியைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் வேலை தேடிக்கிட்டிருக்கேன்னு சொன்னா எழுதிக்க மாட்டாங்களா மாமா?" என்றாள். கூடுதல் வேலைக்குத் தயாரா, எத்தனை மணி நேரம் என்ற கேள்வி படிவத்தில் உண்டு, கட்டாயம் சொல்லம்மா என்றேன். தலைப்புச் செய்தியாகும் விகிதத்தில் அந்தப் பதில் சேராது என்பதையும் சொன்னேன். "பரவால்ல, எழுதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கறவைக்கு எழுந்து போனாள்.

சம்பளம் அடுத்த வாரம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் அதிகமானோர் வேலையிழந்தார்கள். அதே மாதத்தில் சராசரி மணிக் கூலி உயர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)